மீமிசலின் பதினெட்டு போன்கள்

பொன்னமராவதியில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து மூன்றாவது வெள்ளைப் பணியாரத்தைக் காரச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து இலையில் இருந்த பெரியவர் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். மலேசியாவில் ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை, மற்ற நேரமெல்லாம் கேம் இன்ஜின் வேலை என்றேன். மேளச் சத்தத்தில் ‘கேம்’ அவர் காதில் விழவில்லை. கை கழுவியதும் அவர் என்னை மண்டபத்துக்குப் பின்னால் இருந்த தன் வயலுக்கு அழைத்துப்போய், ஒரு டீசல் மோட்டாரின் முன்னால் நிறுத்தினார்.

“ஓடுதும்மா. ஆனா தண்ணி ஏற மாட்டேங்குது. செத்த பாருங்க.”

பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் குனிந்து பார்த்தேன். பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. எண்ணெய் போடாத இன்ஜினைப் பற்றி இன்றுதான் கேள்விப்படுகிறேன் என்று சிரித்துவிட்டு, அது என்ன செய்யும் என்று அக்கறையாகக் கேட்டார்.

அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்லிவிடுகிறேன். செல்போனில் ஒரு விளையாட்டைச் செய்ய நினைப்பவர் படம் வரைவது, ஒலி எழுப்புவது, விரல் பட்ட இடத்தை அறிவது என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. அந்த அடிப்படை வேலைகளெல்லாம் தயாராக இருக்கும் ஒரு பட்டறைதான் கேம் இன்ஜின். எங்களுடையது திறந்த மூலம். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். உலகெங்கும் சிதறிக் கிடக்கும் சிலர் சம்பளமில்லாமல் அதைக் கட்டிக் காக்கிறோம். எட்டு வருடமாக என் பொறுப்பில் இருப்பது அதில் ஒரு மூலை. பழைய, மலிவான போன்களில் படம் வரையும் பகுதி.

அந்த மூலையை இடித்துவிட வேண்டும் என்று நானே ஒரு முன்மொழிவு எழுதிவிட்டுத்தான் விமானம் ஏறியிருந்தேன். காரணம், மூன்று வருடமாகத் தீராத ஒரு பிழை. விளையாடிக்கொண்டிருக்கும்போது போன் அழைப்பு வந்தால், பேசி முடித்துத் திரும்பும்போது திரை கருத்துப்போகிறது. என்னிடம் இருந்த போன்களில் ஒருமுறைகூட அப்படி நடக்கவில்லை. பழைய போன்களின் சில்லு, அதாவது சிப், சரியில்லை, இனி அவற்றைத் தூக்கிச் சுமக்க முடியாது என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டத்தில் முடிவாகும். எல்லோரும் ஆமோதித்தார்கள், ‘நண்டு’ என்ற பெயரில் எழுதும் ஒருவரைத் தவிர. அந்தப் பிழையை முதலில் சொன்னவரே அவர்தான். அவர் எழுதுவது எப்போதும் ஒரே வரி. இந்த முறை ஆங்கிலத்தில் இப்படி இருந்தது: “எடுத்தால் என் பதினெட்டு போனில் பதிமூன்று சாகும்.”

முரட்டு ஆள் என்று நினைத்தேன். அவர் குறிப்பில் ஊர் மீமிசல் என்று இருந்தது. வரைபடத்தில் பார்த்தால் நான் கல்யாணத்துக்குப் போகும் அதே புதுக்கோட்டை மாவட்டம், ஆனால் மறு கோடியில் கடற்கரை. பார்க்க வரலாமா என்று கேட்டேன். “வாங்க. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்ல செல்போன் கடை” என்று தமிழில் வந்த பதிலும் ஒரே வரிதான்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினேன். எங்கள் ஊரில் பேருந்து குளிர்பெட்டி மாதிரி ஓடும், யாரும் யாரோடும் பேசுவதில்லை. இங்கே புதுக்கோட்டை தாண்டுவதற்குள் ஒரு அம்மாவின் மகள் பிரசவம், ஒருவரின் பட்டா தகராறு, இரண்டு ஜாதகம் எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. அறந்தாங்கியில் இறங்கி, நின்றபடியே ஒரு டீ குடித்தேன். நுரையில் எங்கள் ஊர் ஆற்றிய டீயான தே தாரிக்குக்குப் பக்கத்தில் வருகிறது. சர்க்கரையில் அதை மிஞ்சிவிடுகிறது.

மீமிசல் பேருந்து ஆவுடையார்கோயிலைத் தாண்டிச் சற்று தூரம் ஓடி, பெரிய பெருமூச்சு ஒன்றை விட்டு நின்றது. பின் சக்கரம் உட்கார்ந்துவிட்டது. அடுத்த வண்டி எப்போது வரும் என்று கேட்டதற்கு, கண்டக்டர் வானத்தைப் பார்த்தார். இருபுறமும் கருவேலங்காடு. வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த நேரத்தில் காலி ஐஸ் பெட்டிகளோடு வந்த மீன் வேன் ஒன்றை அவரே கை காட்டி நிறுத்தி, வெளியூர்ப் பிள்ளை, பார்த்து இறக்கிவிடு என்று என்னை முன் இருக்கையில் ஏற்றிவிட்டார்.

வேன்காரர் வழி முழுக்கப் பேசினார். மீமிசலில் யாரைப் பார்க்க என்றதும், கேம் செய்கிற ஒருவரை என்றேன். அவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

“பஸ் கேமா? நானும் வச்சிருக்கேன். அறந்தாங்கில எடுத்து மீமிசல் வரைக்கும் ஓட்டணும். நம்ம ரஹ்மத்து செஞ்சதுல்ல அது. சார்ஜால இருக்கற எங்க மாமன் மகன் தெனம் ஓட்டிட்டுத்தான் தூங்குறான்.”

ரஹ்மத்து யார் என்று கேட்டேன். கடைக்காரர் தங்கச்சி என்றார். மூன்று வருடமாக நான் மனதுக்குள் சண்டை போட்டுவந்த மீசைக்கார நண்டு, அந்தக் கணத்தில் காணாமல் போனது.

ரஹ்மத் என்னைவிடப் பத்து வயது சின்னவர். கடைவாசலிலேயே காத்திருந்தார். தலையில் துப்பட்டா, கையில் ஸ்க்ரூ டிரைவர். ஜும்மா நேரமாதலால் அண்ணன் கடையைச் சாத்திக்கொண்டிருந்தார். ரஹ்மத் என்னைப் பார்த்து முதலில் கேட்டது இன்ஜினைப் பற்றி அல்ல.

“பசியாறிட்டீங்களாக்கா?”

நான் அப்படியே நின்றுவிட்டேன். காலை உணவுக்கும் சிற்றுண்டிக்கும் ஈப்போவில் நாங்கள் சொல்லும் சொல் அது. பொன்னமராவதியில் நான் அதைச் சொன்னபோது, மணப்பெண்ணின் தோழிகள் கதைப்புத்தகத் தமிழ் என்று கிண்டல் செய்திருந்தார்கள். கடல் தாண்டி எங்களிடம் வந்த சொல் இங்கே சாதாரணமாகத் தெருவில் நடமாடுகிறது. இல்லை என்று பொய் சொன்னேன். இறால் வைத்த அரிசிமாவு வாடா சுடச்சுட வந்தது. ஐந்து தின்றேன்.

வீடு கடைக்குப் பின்னாலேயே. ரஹ்மத்தின் கணவர் ஷார்ஜாவில் கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கிறார். கணினிப் படிப்பு முடித்த ரஹ்மத், கல்யாணத்துக்குப் பிறகு அண்ணன் கடையில் பழுது பார்த்துக்கொண்டே எங்கள் இன்ஜினைக் கற்றிருக்கிறார். கணவர் ஊரை நினைத்துத் தூக்கம் வரவில்லை என்று ஒருநாள் சொன்னதற்குத்தான் அந்தப் பேருந்து விளையாட்டு. உண்மையான கண்டக்டர் ஒருவரையே கெஞ்சிக் கூத்தாடி, “மீமிசல், மீமிசல், ஏறு ஏறு, படியில நிக்காத” என்று பேச வைத்துப் பதிவு செய்திருக்கிறார். கணவரின் அறைத்தோழர்கள் கேட்டார்கள், அவர்களின் தோழர்கள் கேட்டார்கள். அப்படியே பரவிவிட்டது. அவர்களில் பாதிப்பேரிடம் இருப்பது பழைய போன்.

பிறகு அவர் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கொண்டுவந்து பாயில் கவிழ்த்தார். பதினெட்டு போன்கள். பழுதுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வாங்க வராதவர்களுடையவை. கண்ணாடி கீறியது, மூலை உடைந்தது, ரப்பர் பேண்ட் போட்டது. எங்கள் இன்ஜினின் ஒவ்வொரு வெளியீட்டையும் இந்தப் பதினெட்டிலும் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அந்த ஒரு வரியை எழுதுவார். ஏன் ஒரு வரி மட்டும் என்று கேட்டேன். அதற்கு மேல் இங்கிலீஷ் வருவதில்லை, தப்பாக எழுதி நாலு நாட்டுக்காரர்கள் சிரித்தால் என்ன செய்வது என்றார். அந்தச் சின்னச் சின்ன வரிகளை நான் எவ்வளவு எரிச்சலோடு படித்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. 

சனிக்கிழமை காலையிலிருந்து வேட்டை. நான் ஒரு போனில் பேருந்தை ஓட்டுவேன், ரஹ்மத் இன்னொன்றிலிருந்து அழைப்பார். எடுப்பேன், பேசுவேன், வைப்பேன். திரை பளிச்சென்று திரும்பி வரும். பத்து முறை, இருபது முறை. ஒன்றும் கருக்கவில்லை.

ரஹ்மத்தின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. நான் பொய் சொல்லலக்கா என்றார். எனக்குத் தெரியும் என்றேன். உண்மையில் எனக்குத் தெரியவில்லை. மதியம் நண்டுக் குழம்பு, கணவாய் மீன் வறுவல். ஈப்போவில் இதே நண்டை மிளகாய்ச் சாந்தில் இனிப்பாகப் புரட்டித் தருவார்கள். இங்கே மிளகும் சோம்பும் மூக்கில் ஏறுகின்றன. சாப்பாட்டுக்கு முன்னால் நாளை மாலையோடு எல்லாம் முடிந்துவிடும் என்று சோர்ந்திருந்தவள், சாப்பிட்ட பிறகு இன்னும் நூறு முறை அழைக்கத் தயாராக எழுந்தேன்.

மூன்று மணிவாக்கில் ரஹ்மத் தன் சொந்த போனில் பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்தபோது ஷார்ஜாவிலிருந்து அழைப்பு வந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கும் கொல்லைக்குமாக நடந்து பேசினார். மகளுக்குச் செருப்பு அளவு, அம்மாவுக்கு மாத்திரை என்று என்னவெல்லாமோ. திரும்பி வந்து போனை என்னிடம் நீட்டினார்.

திரை கரிக்கட்டை. உள்ளேயிருந்து கண்டக்டர் மட்டும், “ஏறு ஏறு, படியில நிக்காத” என்று கூவிக்கொண்டிருந்தார்.

 கொஞ்சம் முன்னால் நீங்கள் என்னென்ன செய்தீர்கள், ஒன்றுவிடாமல் சொல்லுங்கள் என்றேன். எடுத்தேன், பேசினேன், வைத்தேன் என்றார். நானும் அதைத்தானே செய்தேன்?  பிறகு ரஹ்மத் மெதுவாகக் கேட்டார்.

“அக்கா, நீங்க ஒரு தடவையாவது போனைக் காதுல வச்சீங்களா?”

இல்லை. நான் ஒலிபெருக்கியைப் போட்டுப் பாயில் வைத்துப் பேசினேன். எட்டு வருடமாக, ஈப்போவில் என் மேசையிலும் அப்படித்தான். சோதனை செய்கிறவள் எதற்குக் காதில் வைக்கிறாள்? திரை கண்ணில் இருக்க வேண்டுமே. போனைக் காதில் வைத்தால் கன்னம் பட்டுவிடாமல் இருக்க அது தானாகத் திரையை அணைத்துவிடும். அந்த அணைப்புத்தான் விஷயம்.

உடனே ஒரு போனை எடுத்து, அழைப்பு வந்ததும் அதன் உச்சியில் காது நெருங்குவதை அறியும் உணரியைக் கட்டைவிரலால் மூடினேன். வைத்துவிட்டுத் திரும்பினேன். கருத்தது. அடுத்தது. கருத்தது. பதினெட்டில் பதிமூன்று. அவர் எழுதியிருந்த அதே எண்ணிக்கை. நான் எழுந்து குதித்தேன். நாற்பத்திரண்டு வயதில் ஒரு பிழையைப் பார்த்துக் குதித்தவள் மீமிசலில் நானாகத்தான் இருப்பேன். சத்தம் கேட்டு ரஹ்மத்தின் அண்ணன் கடையிலிருந்து ஓடிவந்து, என்ன பாம்பா என்று கேட்டார்.

மீதி வேலை மடிக்கணினியில். போன் இன்ஜினுக்கு என்னென்ன செய்தி அனுப்புகிறது என்பதை வரிவரியாகப் பார்த்தோம். அழைப்பு வந்ததும் ‘தூங்கு’. காதில் வைத்துத் திரை அணைந்ததும் இன்னொரு ‘தூங்கு’. திரும்பும்போது ஒரே ஒரு ‘எழு’. புதிய போன்கள் இரண்டாவது ‘தூங்கு’வை அனுப்புவதில்லை. எங்கள் இன்ஜினோ கணக்குப் பிள்ளை மாதிரி எண்ணுகிறது. இரண்டு முறை தூங்கச் சொன்னார்கள், ஒரு முறைதான் எழச் சொன்னார்கள், ஆகவே இன்னும் தூக்கம்தான் என்று வரையாமல் உட்கார்ந்துவிடுகிறது.

எண்ணுகிற அந்த வரியை எழுதியது யார் என்று பார்த்தேன். பார்க்காமலே தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் என் பெயர் இருந்தது.

சில்லின் மேல், போன் கம்பெனிகளின் மேல், மலிவுப் பொருளின் மேல் எல்லாம் பழி போட்டு நான் எழுதிய பக்கங்கள் கண்முன் வந்தன. குதித்த கால் தரையில் ஒட்டிக்கொண்டது. ரஹ்மத்திடம், தப்பு என்னுடையது, மூன்று வருடமும் என்னுடையது என்றேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பார் அல்லது ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை.

“கேட்டிருக்கலாம்ல. எப்புடிப் பேசுறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லிருப்பேன்.”

அன்று மாலையே திருத்தம் எழுதினேன். இரண்டு ‘தூங்கு’ வந்தாலும் ஒன்றாகவே எண்ணும்படி. பதினெட்டில் பன்னிரண்டை ஏற்றிப் பார்ப்பதற்குள் மின்சாரம் போய்விட்டது. பன்னிரண்டும் பளிச். மீதி ஆறும் அப்படித்தான் இருக்கும் என்று திருத்தத்தை அப்படியே அனுப்பிவிட்டேன். கடற்கரைப் பக்கம் நடந்தோம். படகுகள் ஒதுங்கிக் கிடந்தன. வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் ரஹ்மத்தைப் பார்த்து, விருந்தாளிக்கு என்ன ஆக்கிப் போட்டாய் என்று விசாரித்தார்கள். நான் காற்றில் பறந்துகொண்டிருந்தேன். எட்டு வருடத்தில் இப்படி ஒரு சனிக்கிழமை எனக்கு வாய்த்ததில்லை.

ஞாயிறு மாலைக் கூட்டத்துக்கு மொட்டை மாடிக்குப் போனோம், அங்கேதான் இணையம் நன்றாக எடுக்கும். திரையில் பிரேசில்காரர் ஒருவர், பின்லாந்துப் பெண் ஒருவர், இன்னும் இரண்டு பேர். எல்லோரும் சேர்ந்து ‘நண்டை’ முதல் முறையாகப் பார்த்தார்கள். நடந்ததைச் சொல்லி, என் முன்மொழிவைத் திரும்பப் பெற்றேன். பிரேசில்காரர் தன் போனைக் காதில் வைத்துப் பார்த்து, நானும் வைத்ததில்லை என்று ஒப்புக்கொண்டார்.

பின்லாந்துப் பெண் மட்டும் விடவில்லை. இந்தப் பிழை தீர்ந்தது, நல்லது. அடுத்ததை யார் கண்டுபிடிப்பார்கள்? யாரும் சோதிக்காத பகுதியை வைத்திருப்பதைவிட எடுத்துவிடுவது நேர்மை என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் என்ன சொல்வதென்று யோசிக்கும்போது ரஹ்மத் என் முழங்கையைத் தொட்டு, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு கேமராவை நேராகப் பார்த்துத் தமிழிலேயே பேசினார்.

“பாக்குறதுக்கு நான் இருக்கேன். இனிமேலும் பாப்பேன். ஆனா ஒரு மாத்தத்தை நான் வேணாம்னு சொன்னா அது நிக்கணும். நிக்காதுன்னா நான் எதுக்கு?”

வார்த்தை மாறாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.  கீழே தெருவில் மீன்காரர் மணியடித்துப் போனார். பிறகு பின்லாந்துப் பெண், இதைத்தான் நான் கேட்டேன் என்று சொல்லிச் சிரித்தார். பழைய போன்களுக்கான பகுதி இருக்கும். அதில் எந்த மாற்றமும் ரஹ்மத் ஒப்புதல் இல்லாமல் சேராது. தமிழிலேயே எழுதட்டும், நாங்கள் மொழிபெயர்த்துப் படித்துக்கொள்கிறோம் என்றார்கள். கூட்டம் முடிந்ததும் ரஹ்மத் விறுவிறுவென்று கீழே இறங்கிப் போய்க் கணவரை அழைத்தார். காதில் வைத்துத்தான் பேசினார்.

திங்கள் காலை விடைபெற்றேன். மறுநாள் திருச்சியில் விமானம். சன்னலோர இருக்கை, மடியில் ஒரு பொட்டலம் கருவாடு, பக்கத்தில் இருந்தவர்கள் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார்கள். வண்டி ஆவுடையார்கோயிலை நெருங்கும்போது போன் அதிர்ந்தது. நான் அனுப்பிய திருத்தத்துக்கு முதல் மதிப்புரை வந்திருந்தது. சிவப்புக் குறி. மறுக்கப்பட்டது. கீழே ஒரே ஒரு வரி, இந்த முறை தமிழில்:

“ரப்பர் பேண்டு போட்ட போன்ல இன்னும் கருக்குது. சேக்கக்கூடாது.”

அதிகாரம் கிடைத்த பிறகு அவர் செய்த முதல் காரியம் என்னைத் தடுத்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? எழுந்து கண்டக்டரிடம் இறங்க வேண்டும் என்றேன். புதுக்கோட்டைக்குத்தானே டிக்கெட் என்றார். மறந்துவிட்டதை எடுக்க வேண்டும் என்று சொல்லி, கருவாட்டோடு குதித்து இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த வண்டியில் ஏறினேன்.

ரஹ்மத் என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. பாயை ஏற்கெனவே விரித்து வைத்திருந்தார். அந்த ஒரு போன் விசித்திரமானது. ‘எழு’ என்ற செய்தியையே சில சமயம் அனுப்புவதில்லை. இதற்கு எண்ணுவதைச் சரிசெய்து பயனில்லை, எண்ணுவதையே விட வேண்டும் என்றார் ரஹ்மத். வரைவதற்குத் திரை இருக்கிறதா என்று பார், இருந்தால் வரை, அவ்வளவுதான். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். என்னுடைய நாற்பது வரி போய் ஆறு வரி வந்தது. பதினெட்டு போனையும் ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்தார். என்னிடம் ஒன்றையும் கொடுக்கவில்லை. கடைசிப் போனைக் கீழே வைத்துவிட்டுக் கணினியை இழுத்து, “இப்ப சரி. சேக்கலாம்” என்று எழுதிப் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. கடைசி வண்டிக்கு நேரமிருக்கிறது என்று நான் பையை எடுத்தேன். ரஹ்மத் என்னை வழியனுப்ப எழவில்லை. திறந்திருக்கும் பிழைகளின் பட்டியலை விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போய்க்கொண்டிருந்தார்.

“அக்கா, ப்ளூடூத்துல போட்டா சத்தம் விட்டு விட்டு வருதுன்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு வருசமா ஒங்க பேருலதான் கெடக்கு. எப்பப் பாப்பீங்க?”